நானூற்றுப் பன்னிரண்டு

முதல் கோட்டையில் ஆப்பிள் அடுக்கியிருந்தார்கள்.
அம்பு எய்வதற்கென்று விட்ட கீறல்கள் வழியே
காற்று அளவாக வருகிறது, பழம் அழுகுவதில்லை
என்றார் உரிமையாளர்.
ஒரு கிலோ வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது தனியார் சொத்து.
பலகை இல்லை, நாய் சொன்னது.

மூன்றாவதற்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது.
ஃப்ரியூலி மலைகள் சமவெளியைக் கண்டு
முழங்கால் மடக்கும் இடம்.
சாவி மதுக்கடையில், என்றது வாசல் தகரம்:
கீழே ஒரு கிலோமீட்டர், நான் ஏறிவந்த அதே வழி.

காபி எந்திரத்துக்கு மேலே
குடைக்கும் திருப்புளிக்கும் நடுவில் தொங்கியது,
முழங்கை நீளம்.
பிணையாக என் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்
கல்லாவில் போட்டாள் ஓனொரீனா.
"வியன்னாக்காரன் ஒருத்தன் காரிலேயே கொண்டுபோய்விட்டான்.
தபாலில் வந்து சேரும்வரை
உள்ளே இருந்தது பெர்த்தோலி வீட்டு ஆடு மட்டும்.
முற்றுகை என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான்."

செஸ்ட்நட் முள்ளோடுகள் காலடியில் நெரிந்தன.
பூட்டுக்குச் சாவி போதும்,
கதவுக்குத் தோளும் வேண்டியிருந்தது.
நொச்சி சூடிக் காக்க உள்ளே ஆளில்லை,
உழிஞை சூடி வந்தவனுமில்லை நான்;
பாதி ஆப்பிளும் ஈரச் சட்டையுமாக நுழைந்தவன்.

மதில், கொத்தளம், தூர்ந்த கிணறு
எல்லாம் பார்த்த பிறகுதான் எண்களைப் பார்த்தேன்.
கல்லுக்கு ஒன்றாக, சிவப்புச் சாயத்தில், சுவர் முழுக்க.

எழுபத்தாறு. மே மாதத்து இரவு.
எல்லாம் கீழே வர
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
மேலே போகப் பதினெட்டு வருடம்.
புல்லில் பரப்பி, பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டு,
ஏழுக்குக் குறுக்கே கோடிழுக்கும் யாரோ ஒருவர்
குந்தி உட்கார்ந்து எண்ணிட்டிருக்கிறார்.

நானூற்றுப் பத்து.
பதினொன்று.
பதின்மூன்று.

நடுவில் செங்கல், சிமெண்ட் பூச்சு.
நத்தை ஒன்று அதைக் கடந்துகொண்டிருந்தது,
வித்தியாசம் தெரியாமல்.

சாவியைத் திருப்பித் தரும்போது கேட்டேன்.
சீட்டாடிக்கொண்டிருந்த இருவர்
தலை தூக்கவில்லை; ஆட்டம் மட்டும் நின்றது.
ஓனொரீனா கையைத் துடைத்தாள்.
வா, என்றாள்.

கொல்லையில், முயல் கூண்டுக்கு முன்னால், படிக்கல்.
கடப்பாரையை விட்டு ஒரு சாண் நெம்பினாள்.
அடியில் மண்புழு, வெளிறிய சிவப்பில்
நாலு, ஒன்று, இரண்டு.
பக்கவாட்டில் கழுவியும் போகாத கரி.

"இரண்டாவது குளிர்காலமும் தகர வீட்டில்தான்.
பொலெந்தா பானை பெரிது, வெளியேதான் கிண்டவேண்டும்.
மூன்று கல் இல்லாமல் எந்தப் பானை நிற்கும்?
இரண்டு, எங்கள் வீடு விழுந்ததில் கிடைத்தது.
மூன்றாவதை அப்பா தர்ச்சீசியோ
ராத்திரியில் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்."

கல்லை இறக்கினாள். முயல் காதை மடக்கிக்கொண்டது.

"எங்கள் வீட்டுக் கல்லுக்கு
யாரும் எண் போட வரவில்லை."

கடைக்குள் திரும்பும்போது, தனக்கே சொல்வதாக:
"எஞ்சினியர் மூன்று தடவை வந்து கேட்டார்.
மூன்று தடவையும் கிராப்பா ஊற்றிக் கொடுத்தேன்.
நல்ல மனுஷன். மூன்றையும் குடித்தார்."

உரிமத்தைத் தருமுன் படத்தைப் பார்த்தாள்:
இதில் இளைத்திருக்கிறாய்.
பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினாள்.
பேனா இரண்டு கிறுக்கலுக்குப் பிறகே இறங்கியது.
தேதி போட்டேன். மழை, என்று எழுதினேன்.
சுவரில் ஒன்றும் குறையில்லை, என்று எழுதினேன்.

தலைகீழாகவே படித்துவிட்டு
என் பையைக் காட்டி
அதற்கு எவ்வளவு கொடுத்தாய் என்றாள்.

சொன்னேன்.

"ஒரு கிலோவுக்கா!
அந்தக் கோட்டைக்காரர்கள்
அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான்."